‘பாஸ்’ சொல்லக்கூடாத வீடு

முகுந்தா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. நியூ டவுனுக்கு எங்ககூட வர்றியா, இல்லையா?" என்று கேட்டாய். நான், "இன்னொரு டீ குடிக்கிறியா?" என்றேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். சிரிக்கவில்லை. "இந்த வீட்டுல பாஸ் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். மரப்படிகளில் உன் காலடிச் சத்தம் தேய்ந்து தெருவோடு கலக்கும்வரை நான் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.

அந்தக் கேள்விக்கான விடைதான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். பாதியிலேயே நீ குறுக்கிட்டு வாதாடுவாய், நானும் விட்டுக்கொடுத்துவிடுவேன். பெங்காலிப் பேப்பரை ஓட்டமாக வாசிக்கிற நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அந்த வேகம் நான் சொல்ல வந்ததற்குப் பொருத்தமாக இருக்கும். இரண்டு மூன்று நாளாகக் காலையில் பவானிபூர் முழுக்கப் பனிமூட்டம். எதிர்வீட்டு பால்கனிகூடத் தெரிவதில்லை. டிராம் ஓடாத தெருவில் டிராம் மணி கேட்கிற மாதிரி இருக்கிறது. இப்படிப்பட்ட காலையில் ஒரு பெரிய வெள்ளைத்தாளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிற மாதிரிதான் தோன்றுகிறது.

நம் வீட்டுக்கு அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பது உனக்கு ஞாபகம் இருக்காது. நீ அப்போது சின்னப் பையன். சாயங்காலமானால் கரண்ட் போய்விடும். ஒரு மெழுகுவர்த்தி, நாம் மூன்று பேர், கையில் ஆளுக்கொரு விசிறி. உன்னை அழாமல் வைத்திருக்க அப்பாவும் நானும் மாறி மாறிக் கேள்வி கேட்போம். எந்த நாட்டில் நடுராத்திரியிலும் சூரியன் தெரியும், வயலினுக்கு எத்தனை தந்தி, எந்த உலோகம் தண்ணீராட்டம் ஓடும். ஒருநாள் அப்பா கேட்டார், கங்கை சில நாளில் மட்டும் ஏன் பின்பக்கமாக ஓடுகிறது என்று. படித்துறையில் நின்று நீயே அதைப் பார்த்திருந்தாய். இந்த ஊர்க்காரர்கள் ‘பான்’ என்று சொல்லும் அந்த ஒற்றை அலை கடல் பக்கமிருந்து சுவர் மாதிரி எழும்பி வரும். படகுக்காரர்கள் முன்னாலேயே படகுகளை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். விசிறியை நிறுத்திவிட்டு நீ சொன்னாய்: "கடல் மூச்சு விடுதுப்பா."

நான் ஆசிரியை. தப்பு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்பா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். "இவன் பாதி வழி வந்துட்டான். எதுவோ உள்ள இழுக்குது, வெளிய விடுதுன்னு கண்டுபிடிச்சிருக்கான். இழுக்கிறது சந்திரன்னு மட்டும்தான் தெரியல. அரை மார்க் குடு" என்றார். அன்றைக்குப் பிறந்தது அந்தச் சட்டம். க்விஸ் மேடையில் விடை தெரியாதவர்கள் ‘பாஸ்’ என்பார்கள், கேள்வி அடுத்த அணிக்குப் போய்விடும். நம் வீட்டில் அது கிடையாது. விடை தெரியாவிட்டால் என்ன நினைக்கிறாய், எந்த வழியாக நினைத்தாய் என்று சொல்ல வேண்டும். வழிக்கு அரை மார்க்.

சட்டம் போட்டது அப்பா. ஆனால் அதில் மார்க் எண்ணிக்கையை ஏற்றி, உன்னைப் பள்ளிக்கூட மேடைக்கும் நம் பேட்டையின் பாரா கிளப் மேடைக்கும் கொண்டுபோனது நான். அப்பாவுக்கு மேடை பிடிக்காது. அவருக்குப் பிடித்தது கிடர்பூர் பாலம்.

சனிக்கிழமைகளில் கஸ்டம்ஸ் ஆபீஸில் அரை நாள் வேலை இருந்தால் உன்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஒரு தடவை நானும் வந்தேன். திரும்பும்போது பஸ் பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. துறைக்குள் கப்பல் வந்தால் பாலத்தைத் திறந்துவிடுவார்கள். லாரி, கைவண்டி, பஸ் எல்லாம் காத்துக் கிடக்கும். கண்டக்டர் இறங்கிப் போய் பீடி பற்றவைத்துக்கொண்டார். ஒரு அம்மாள் பையிலிருந்து பட்டாணியை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். அப்போது தெருவுக்குக் குறுக்கே, ஒரு மருந்துக் கடைக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவே, ஒரு கப்பல் சத்தமே இல்லாமல் நகர்ந்து போனது. தண்ணீர் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு நாலு மாடிக் கட்டடம் தன் இடம் பிடிக்காமல் வேறு தெருவுக்குக் குடிபோவது போல இருந்தது. உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மாலுமி உனக்குக் கையசைத்தான்.

நீ கொடியைப் பார்த்து நாட்டின் பெயரைக் கத்தினாய். சரியாகத்தான் சொன்னாய். அப்பா தலையசைத்துவிட்டு, கப்பலின் வயிற்றைக் காட்டினார். அங்கே ஒரு வட்டம், அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடு, பக்கத்தில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். முன்னொரு காலத்தில் முதலாளிகள் பேராசைப்பட்டு அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிக் கப்பல்களை மூழ்கடித்தார்கள், அதனால் இதற்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டு வரைய வைத்த கோடு அது என்றார். கோடு ஏன் ஒன்றாக இல்லாமல் பலவாக இருக்கிறது என்று நீ கேட்டாய். "ஆத்துத் தண்ணி வேற, கடல் தண்ணி வேற" என்றார் அப்பா. ஆற்றுத் தண்ணீருக்குக் கனம் குறைவு. அதே கப்பல், அதே சுமையோடு, நம் ஹூக்ளி ஆற்றுக்குள் வந்தால் கொஞ்சம் தாழ்ந்து மிதக்கும். உப்புக் கடலைத் தொட்டதும் யாரும் ஒரு மூட்டையைக்கூட இறக்காமல் தானாக மேலே எழும்பும்.

நீ அண்ணாந்து அந்த மாலுமியைப் பார்த்தாய். பிறகு, "அந்த மாமா எங்கப்பா போறார்?" என்று கேட்டாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதற்கும் விடை வைத்திருக்கிற அந்த மனிதர், "எனக்கும் தெரியாதுடா. வா, ரெண்டு பேரும் நினைச்சுப் பார்க்கலாம்" என்றார். பஸ் நகரத் தொடங்கிய பிறகும் நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டே வந்தீர்கள். அவன் போகும் துறைமுகத்தில் பனி பெய்யும் என்றாய் நீ. அங்கே அவன் மகள் ஒரு கிராம்புத் தோட்டத்தில் நிற்பாள் என்றார் அவர். பனி பெய்கிற ஊரில் கிராம்பு விளையாது என்று நான் திருத்தினேன். இருவரும் ஒரே மாதிரி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் நீ கட்டிக்கொள்ளப்போகிற மௌமிதா.

அவள் முதல் தடவை நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாளை எடுத்துக்கொள். சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்திருந்தேன். அவளுக்காக அந்தத் தெருமுனைக் கடையில் நொலென் குர் சந்தேஷ் இனிப்பு வாங்கி வைத்திருந்தேன். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற அந்த ஈச்சம் வெல்லத்தின் மணம் அறை முழுக்க இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து ஹார்மோனியம் வாசிக்கிறேன் என்று பேச்சுவாக்கில் அவள் சொன்னாள். உடனே நீ, "ஹார்மோனியம் எந்த நாட்டுல பிறந்தது, சொல்லு பார்ப்போம்" என்றாய். அவள் சிரித்துக்கொண்டே, "பாஸ்" என்றாள். நீயும் நானும் ஒரே குரலில், "இந்த வீட்டுல பாஸ் கிடையாது" என்றோம். என்னவோ பெரிய நகைச்சுவையைச் சொல்லிவிட்ட மாதிரி சேர்ந்து சிரித்தோம்.

பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். நீ பிரான்ஸ் என்றாய். நான் விடுவேனா? அங்கே அது காலால் மிதித்து வாசிக்கிற பெட்டி, அதைத் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கும்படி மாற்றியது இந்தக் கல்கத்தாதான் என்றேன். நீ அதற்கு மேல் சுதியைப் பற்றி ஏதோ சொன்னாய். அந்தப் பெட்டியில் நம் பாட்டின் வளைவுகள் வருமா வராதா என்று நாம் இருவரும் விவாதித்தோம். சந்தேஷ் தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் சந்தேஷைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துக்கொண்டு நம் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள், டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்க வந்தவள் மாதிரி. அந்தப் பெட்டியில் என்ன பாட்டு வாசிப்பாய் என்று அவளிடம் நாம் இருவருமே கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை. உறைத்தது போன மாதம், நீ ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தபோது. மௌமிதா போன் செய்து, "மாஷிமா, வாங்க, புது ஃப்ளாட்ல உங்க ரூமைக் காட்டறேன்" என்று கூப்பிட்டாள். கேப் அனுப்பினாள். வழியெல்லாம் பனி. நியூ டவுனின் புதுக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன, நங்கூரம் போட்ட கப்பல்கள் மாதிரி. பதினான்காவது மாடிக்கு லிஃப்டில் ஏறும்போது காது அடைத்தது. எதனால் அடைக்கிறது என்று சொல்லப் போனேன். அவளுக்கும் அடைத்திருந்தது. கொட்டாவி விட்டுக் காட்டிச் சிரித்தாள்.

என் அறையைப் பார்த்தேன். கிழக்குப் பக்கம் ஜன்னல். என் பெரிய அட்லஸ் படுக்கவைத்தால் சரியாக அடங்கும் அகலத்தில் ஒரு மர அலமாரி. அதை அளந்து செய்யச் சொன்னது நீ என்றாள். நான் பலகையைச் சாண் போட்டு அளந்து பார்த்தேன். அவள் ஹார்மோனியம் எங்கே வரப்போகிறது என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "அதுக்கு இங்க இடமில்ல மாஷிமா. ரெண்டு ரூம்தானே. அம்மா வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருக்கு, அங்கயே இருக்கட்டும்." குறையாகச் சொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

பால்கனியில் நின்றோம். கீழே தெரு இல்லை, மரம் இல்லை, வெறும் வெள்ளை. எங்கேயோ ஒரு விமானம் இறங்குகிற சத்தம் மட்டும் வந்து போனது. அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "மாஷிமா, இவ்வளவு உயரத்துல மட்டும் ஏன் காத்து ஏதோ சொல்ல வர்ற மாதிரியே இருக்கு?" என்றாள். எனக்கு விடை தெரியும். தரையின் உராய்வு குறையக் குறையக் காற்றின் வேகம் கூடும், கட்டடத்தின் விளிம்பில் அது உடைந்து சுழலும், குழலில் ஊதுகிற மாதிரி இடுக்குகளில் சத்தம் எழுப்பும். மூன்று காரணமும் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னிடம் கேட்கவில்லை. காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். தெரிந்த விடையைச் சொல்லாமல் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். பெங்காலியில்தான் பேசினாள், எனக்கு வந்த தமிழில் உனக்கு எழுதுகிறேன். அவளுடைய ஜெட்டு, அதாவது பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தலைநகரம், ஆறு, அரசர் என்று கேள்வி கேட்பாராம். முதலில் விடை சொல்கிற பிள்ளைக்குத்தான் மீன் தலை. இவள் எப்போதும் யோசித்துச் சொல்கிறவள். அதற்குள் அண்ணன்மார்களில் ஒருவன் சொல்லிவிடுவான். "எனக்கு மீன் தலை பிடிக்கவே பிடிக்காது மாஷிமா" என்றாள். "ஆனா ஒரு தடவைகூட என் தட்டுல அது விழல. உங்க வீட்ல மீனே கிடையாது. இருந்தும் அன்னிக்கு எனக்கு அந்த ஞாபகம் வந்துடுச்சு."

நான் பால்கனியின் ஈரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள், நான்தான் சின்னப் பெண் என்கிற மாதிரி. "நீங்க வாங்க மாஷிமா. மனசாரத்தான் கூப்பிடறேன். ஆனா எப்பவாவது என்னைப் பாஸ் சொல்ல விடணும்" என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். கேப்பில் திரும்பி வரும்போது அந்தப் பழைய கப்பலை நினைத்துக்கொண்டே வந்தேன். தன் ஊரில், தன் வேலையில், தன் பாட்டில் இந்தப் பெண் நிமிர்ந்து மிதக்கிறவள். நம் சாப்பாட்டு மேஜைக்கு வந்தபோது சற்றே தாழ்ந்து போனாள். அவள் சுமை ஒன்றும் கூடவில்லை. நம் வீட்டுத் தண்ணீர் அப்படி.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பாரா கிளப்பின் குளிர்கால க்விஸுக்கு நான் எத்தனை வருஷமாகக் கேள்வி எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். செயலாளர் பாப்பி-தா இந்த வருஷமும் வந்து, "திதிமொணி, ஒரு ஃபுட்பால் கேள்வியாவது போடுங்க. எங்க பையங்களுக்கும் மானம்னு ஒண்ணு இருக்கில்ல" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு கேள்வி எழுதியதும் அதை இரண்டு நாள் ஊறப்போடுவேன். தெரியாதவனும் யோசித்தால் எட்டிப் பிடிக்கிற மாதிரி இருக்கிறதா, விடையைக் கேட்டதும் ‘அட, இது எனக்குத் தோணியிருக்கணுமே’ என்று அவன் நெற்றியில் தட்டிக்கொள்வானா என்று பார்ப்பேன். ஆமா, இல்லை என்று முடிகிற கேள்வியை மட்டும் போடவே மாட்டேன். யோசிக்காதவனுக்கும் பாதி வாய்ப்பைக் கொடுக்கிற சோம்பேறிக் கேள்வி அது. நீ வாசலில் நின்று கேட்டது அந்த வகை. ‘வர்றியா, இல்லையா.’ அதனால்தான் நான் டீயைப் பற்றிப் பேசினேன். அதை ஊறப்போட்டு, திருத்தி எழுதிப் பார்த்தேன். ‘அம்மா எந்த வீட்டில் இருந்தால் மூன்று பேருக்கும் பேச இடம் கிடைக்கும்?’ இப்படிக் கேட்டால் எனக்கு விடை தெரிகிறது.

நான் வரவில்லை.

கோபப்படாமல் வழியையும் கேள். எனக்கு வர ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. அப்பா போன பிறகு இந்த வீட்டில் குக்கரிடம்தான் கேள்வி கேட்கிறேன். அது ஒரே விடையைத்தான் விசிலடிக்கிறது. அந்தக் கிழக்கு ஜன்னலும் அட்லஸ் அலமாரியும் கனவில்கூட வருகின்றன. ஒருநாள் கனவில் அந்தக் கட்டடம் மெதுவாக நகர்ந்து கிடர்பூர் பாலத்தைத் தாண்டிப் போனது, பால்கனியில் அப்பா நின்றிருந்தார். அவ்வளவு ஆசை இருக்கிறது. ஆனால் நம் இருவரையும் எனக்குத் தெரியும். ஒரு மேஜையில் நம்மை உட்காரவைத்தால் அரை மணிக்குள் நாம் ஒரு அணி. மழை பெய்தால் மேகத்தின் பெயர், ரேடியோ பாடினால் ராகத்தின் பெயர், விமானம் போனால் அதன் எஞ்சின். பாஸ் சொல்லலாம் என்று நான் ஆயிரம் தடவை மௌமிதாவிடம் சொல்லலாம். சொல்லிவிட்டு நாம் விளையாடிக்கொண்டிருப்போம். அவள் தன் வீட்டிலேயே டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பாள். உன் கல்யாணத்தின் முதல் வருஷங்கள் அப்படிப் போகக் கூடாது.

உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்பாய். முழங்கால் படியேற மறுக்கிற நாள் வந்தால் நானே உங்கள் இருவரையும் கூப்பிட்டு நேராகச் சொல்வேன். அதில் பாஸ் கிடையாது. அதுவரை எனக்குக் கூப்பிடு தூரத்தில் மெட்ரோ இருக்கிறது, கீழ் வீட்டுக்காரம்மா பௌதி இருக்கிறாள். மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்காவிட்டால் அவளே மேலே வந்துவிடுவாள். பாப்பி-தாவுக்கு ஒரு ஃபுட்பால் கேள்வி பாக்கி இருக்கிறது.

உனக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நீ ரொம்ப ரசித்த ஒரு கேள்வி உண்டே, ரயில் மணியைப் பற்றி. ஒரு காலத்தில் இந்த நாட்டு ரயில்கள் மதராஸ் மணிப்படி ஓடின. கல்கத்தா தன் சொந்த மணியைத்தான் வைத்திருந்தது. ஹவுராவில் வண்டி ஏறுகிறவன் வீட்டுக் கடிகாரம் ஒன்று சொல்ல, ஸ்டேஷன் கடிகாரம் வேறொன்று சொல்ல, மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவான். எந்தக் கடிகாரமும் தப்பில்லை. இரண்டும் தத்தம் சூரியனைப் பார்த்து ஓடியவை. நீ டக்கென்று விடை சொல்கிறவன். அவள் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறவள். அவள் தாமதம் என்று நினைக்காதே. அது அவளுடைய மணி. அந்த வித்தியாசத்தை மனதில் போட்டுக்கொண்டு காத்திரு.

இன்னொன்று, கேள்வி எழுதியே காலம் கழித்த எனக்கு இவ்வளவு தாமதமாகப் புரிந்தது. மேடையில் கேள்வி கேட்கிறவன் கையில் ஒரு அட்டை இருக்கும். அதில் விடை எழுதியிருக்கும். எதிரே இருப்பவர் அந்த அட்டையில் உள்ளதைச் சொல்கிறாரா என்பதுதான் அவனுக்கு வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் நின்று நான் அப்படித்தான் கேட்டேன். வீட்டிலும் அப்படியே கேட்டேன். உன் அப்பாவுக்கு மட்டும் வேறு வகைக் கேள்வியும் தெரிந்திருந்தது. அந்த மாலுமி எங்கே போகிறான் என்று நீ கேட்டபோது அவர் கையில் அட்டை இல்லை. உன்னைவிட ஒரு அடிகூட முன்னால் இல்லாமல், உன் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் யோசித்தார். நீ இன்றைக்கும் சொல்கிற அப்பா கதை அந்தக் கப்பல் கதைதான். அவர் சரியாகச் சொன்ன ஆயிரம் விடையில் ஒன்றையாவது நீ சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அட்டையில் உள்ள விடை யாருக்கும் கிடைக்கும். மௌமிதாவிடம் உனக்கு விடை தெரியாத கேள்வியைக் கேள். இன்றைக்கு ஆபீஸில் என்ன நடந்தது, எதை நினைத்து ஜன்னலில் நிற்கிறாய், சின்ன வயதில் எதற்குப் பயந்தாய். அவள் சொல்லும்வரை அந்த விடை உலகத்தில் எங்கேயும் இல்லை.

பனி விலகிவிட்டது. எதிர்வீட்டு பால்கனியில் போர்வை காயப்போட்டிருக்கிறார்கள். எழுதி முடிக்கிறேன், அதற்கு முன் அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதை என்ன செய்வது என்று உனக்குக் கவலையாக இருக்கும். நாளைக்கே மௌமிதாவின் அம்மா வீட்டுக்குப் போ. கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி ஒரு பெட்டி இருக்கும். கனமாக இருக்கும், இன்னொரு ஆளைப் பிடித்துத் தூக்கச் சொல். அதைக் கொண்டுவந்து அந்தக் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே வை. அட்லஸுக்குச் செய்த அலமாரியில் அவள் பாட்டுப் புத்தகங்கள் அடங்கும், நான் அளந்து பார்த்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்து நீங்கள் அங்கே குடிபோன பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். தரையில் ஒரு பாய் போட்டு வை. அவள் எந்தப் பாட்டில் ஆரம்பிப்பாள் என்று எனக்குத் தெரியாது. உட்கார்ந்து கேட்பேன். என்ன ராகம் என்று வாயைத் திறக்க மாட்டேன். நீயும் திறக்காதே.

அம்மா